சத்தத்தைக் குறைத்துவிட்டுப் படித்தவள்

காலையில் பென்னியின் ஹெல்மெட் கதவுக் கம்பியில் ஏறிவிட்டால் அந்தத் தெருவே வாயை மூடிக்கொள்ளும். கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையில் நைட் ஷிப்ட் முடித்து வந்த ஆள் உள்ளே தூங்குகிறான் என்று அதற்கு அர்த்தம். மீன்கார அம்மா அந்த வீட்டைத் தாண்டும்வரை கூவ மாட்டார். சிலிண்டர்காரர் வண்டியை மூலையிலேயே நிறுத்திவிட்டு நடந்து வருவார். யார் கொண்டுவந்த வழக்கம் என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. பக்கத்துத் தேர்வாய் கண்டிகையிலும் தொழிற்பேட்டை வந்து, சேற்றில் நின்ற கால்களெல்லாம் ஷூ மாட்டிக்கொண்டு கம்பெனி பஸ் ஏறின பிறகு தானாக வந்து சேர்ந்தது. மற்ற விஷயத்துக்கெல்லாம் முட்டிக்கொள்கிற தெரு, தூக்கத்துக்கு மட்டும் ஒரே மாதிரி மரியாதை கொடுத்தது.

வெளியே இவ்வளவு மரியாதை என்றால் வீட்டுக்குள் கேட்கவே வேண்டாம். ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட ஒற்றை அறை. பென்னியின் மனைவி செண்பகம் காலையில் குக்கரைத் தொட மாட்டாள், சோறு பானையில்தான் வேகும். மிக்ஸி அவன் எழுந்த பிறகுதான் வாயைத் திறக்கும். டிவி ஓடும், ஆனால் சத்தம் துளிகூட இருக்காது. பெரிய பெரிய பாட்டுக்காரர்களெல்லாம் அவள் வீட்டில் வாயை மட்டும் அசைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

இந்தச் சத்தமில்லாத டிவியில்தான் செண்பகம் பத்தாம் வகுப்பு அறிவியல் படித்தாள். சொன்னால் சிரிப்பீர்கள். அப்போது தெருவும் சிரித்தது.

பள்ளிக்கூடத்தில் படித்த காலத்தில் அவள் எல்லாப் பாடத்திலும் தேறி, அறிவியலில் மட்டும் கோட்டை விட்டவள். அம்மா அப்பா இருவரும் கூலிக்கு நாற்று நட்டவர்கள். திருப்பி எழுதச் சொல்ல வீட்டில் ஆள் இல்லை, கல்யாணம் பண்ணிவைக்க மட்டும் ஊர் முழுக்க ஆள் இருந்தது. பிறகு மகள் ஸ்நேகா பிறந்தாள், தொழிற்பேட்டை வந்தது. கார்களுக்கு ரப்பர் குழாய் செய்யும் ஒரு கம்பெனியில் செண்பகம் கான்ட்ராக்ட் வேலைக்குச் சேர்ந்தாள். குழாயைக் காற்றடிக்கிற மெஷினில் மாட்டி, எங்கேயாவது ஒழுகுகிறதா என்று பார்க்கிற வேலை. மதியம் போனால் இரவு திரும்புவாள். வேலையில் ஒரு குறை சொல்ல முடியாது.

ஒருநாள் சூப்பர்வைசர் எல்லாப் பெண்களையும் உட்காரவைத்து, இன்ஸ்பெக்‌ஷன் பிரிவுக்கு ஆள் எடுக்கிறோம், கம்பெனியிலேயே நிரந்தரம், விருப்பம் இருப்பவர்கள் எழுந்து நில்லுங்கள் என்றார். முதலில் எழுந்தது செண்பகம்தான். அவள் பெயரை எழுதப் போனவர் நிமிர்ந்து, "டென்த் பாஸ்தானேம்மா?" என்றார். அத்தனை பேர் நடுவில் அவள் மறுபடி உட்கார்ந்தாள். எழுந்து நிற்பது சுலபம், உட்கார்வதுதான் கஷ்டம் என்று அன்றைக்குத் தெரிந்தது. அன்று ஷிப்ட் முழுக்க அவள் யார் முகத்தையும் பார்க்கவில்லை. இனி எழுந்தால் உட்காரக் கூடாது என்ற ஒரு வைராக்கியம் மட்டும் மனசில் ஒட்டிக்கொண்டது.

வைராக்கியம் இருந்து என்ன, புத்தகம் அவளுக்கு ஒத்துவரவில்லை. யாரிடமோ பழைய அறிவியல் புத்தகம் வாங்கிவந்து வைத்தாள். அவள் அதைத் திறப்பாள், அது அவளைத் தூங்கவைக்கும். பென்னிக்குத் தூக்கம் வராத நாளில் அந்தப் புத்தகத்தைக் கொடுத்துப் பார்க்கலாமா என்றுகூட யோசித்தாள்.

அந்த நேரத்தில்தான் கொரோனா வந்தது. பள்ளிக்கூடங்களை மூடி, பாடங்களைக் கல்வி டிவியில் போட ஆரம்பித்தார்கள். கம்பெனிகள் கொஞ்ச நாளில் திறந்துவிட்டன, பள்ளிக்கூடம் திறக்கவில்லை. எட்டாவது படித்த ஸ்நேகா, சத்தமில்லாத டிவியில் பாடம் பார்க்க மாட்டேன் என்று அடுத்த தெருவில் தோழி நந்தினி வீட்டுக்குப் போய்விட்டாள். அங்கே யாருக்கும் நைட் ஷிப்ட் கிடையாது. வீட்டில் தூங்குகிற பென்னியும் வெங்காயம் உரிக்கிற செண்பகமும் சத்தமில்லாத டிவியும்தான் மிச்சம்.

ஒருநாள் காலை திரையில் ஒரு டீச்சர் இதயத்தை வரைந்தார். நீல நிறத்தில் ரத்தம் ஓர் அறைக்குள் வந்தது. ஒரு சின்னக் கதவு திறந்தது, ரத்தம் கீழே இறங்கியது, கதவு மூடிக்கொண்டது. திரும்பிப் போகப் பார்த்த ரத்தத்துக்கு வழியில்லை. செண்பகத்தின் கையில் கத்தி அப்படியே நின்றது. இதை அவள் தினமும் பார்க்கிறாள். அவளுடைய மெஷினில் காற்று ஒரு பக்கம் போகும், திரும்பி வராமல் நடுவில் ஒரு வால்வு தடுத்துவிடும். அந்த வால்வு கெட்டுப்போனால் மெக்கானிக்கைக் கூப்பிடுவதே அவள்தான். "அட, இது நம்ம நான் ரிட்டர்ன் வால்வு!" என்று வாய்க்குள்ளேயே சொல்லிக்கொண்டாள். நெஞ்சில் கையை வைத்துப் பார்த்தாள். உள்ளே ஒரு மெஷின் ஓடுகிறது, இத்தனை வருஷமாக அதற்கு ஆபரேட்டர் தான்தான் என்று நினைத்தபோது அவளுக்குப் பெருமையாக இருந்தது.

அன்றிலிருந்து காலை வேலையெல்லாம் டிவி நேரத்தைப் பார்த்து நடந்தது. டீச்சரின் வாய் அசையும், செண்பகம் அதற்குத் தன் மனசிலிருந்து பேச்சு கொடுப்பாள். சிறுநீரகத்தைப் பார்த்து, "பில்டர்" என்பாள். லென்ஸில் ஒளி வளைவதைப் பார்த்து, "இங்க நேரா வந்துச்சி, அங்க மடங்கிச்சி" என்பாள். ஒன்றுமே விளங்காமல் போன பாடங்களெல்லாம் இப்போது கண் முன்னால் நடந்தன. தனித்தேர்வராகப் பரீட்சை எழுதிவிடுவது என்று முடிவு கட்டிவிட்டாள்.

கம்பெனி பஸ்ஸில் அவள் பக்கத்து இருக்கை குணசுந்தரியுடையது. பொன்னேரியை அடுத்த ஆரணிப் பக்கத்தில் நெல் வயல் வைத்திருக்கிற வீட்டு மருமகள். வயல் வேலை இல்லாத நாளெல்லாம் கம்பெனிக்கு வருவாள். அவளும் அதே அறிவியலில் அதே மாதிரி விழுந்தவள், அவளும் எழுதப் போகிறாள். ஆனால் குணசுந்தரி புத்தகக் கட்சி. கைடை மடியில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டு ஒப்பிப்பாள். ஸ்பீடு பிரேக்கரில் பஸ் தூக்கிப் போட்டாலும் வரி தவறாது.

"யக்கா, டிவி பாத்து எவனாவது பாஸ் பண்ணிக்கிறானா? அது சீரியல் பாக்கறதுக்குக் கண்டுபுடிச்ச பொட்டி. அதுலயும் நீ சவுண்டு இல்லாம பாக்கற. படம் பாத்துக்கினே பரிச்ச எழுதப் போறியா?"

"நீ மட்டும் இன்னாவாம்? நடுவுல ஒரு வார்த்த மறந்துச்சின்னா திருப்பி மொதல்லருந்துதானே வர்ற! இதயம் எங்க கீதுன்னு கேட்டா பக்கம் நம்பர் சொல்லுவ."

"பக்கம் நம்பர் சொன்னா மார்க் உண்டுக்கா. உன்னுது இன்னா, டீச்சரம்மா வாய் அசைச்சாங்கன்னு எழுதுவியா?"

இந்தச் சண்டை பஸ்ஸுக்கே பொழுதுபோக்காக இருந்தது. டிரைவர் சில நாள் ரேடியோவை நிறுத்திவிட்டுக் கேட்பார்.

பள்ளிக்கூடங்கள் திறந்த பிறகு, அன்புராஜ் என்கிற ஆசிரியர் ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் சர்ச்சுக்குப் பின்னால் இருந்த கூடத்தில் தனித்தேர்வர்களுக்கு இலவசமாக வகுப்பு எடுத்தார். முதல் வாரமே ஒரு டெஸ்ட் வைத்தார். மனித இதயத்தைப் படம் வரைந்து விளக்குக. செண்பகத்துக்குக் கை பரபரத்தது. அழகாக வரைந்தாள், மளமளவென்று எழுதினாள்.

அடுத்த ஞாயிறு அன்புராஜ் சார் அவள் பேப்பரைக் கையில் வைத்துக்கொண்டு சிரிப்பை அடக்கத் திணறினார்.

"யம்மா செண்பகம், இதயம் ஒரு மோட்டார்னு ஆரம்பிச்சிருக்கீங்க. மேல இன்லெட், கீழ அவுட்லெட். நடுவுல நான் ரிட்டர்ன் வால்வு. படிக்கப் படிக்க எனக்கே ஆசையா இருந்துச்சி. ஆனா பேப்பரைத் திருத்தப்போறவரு கம்பெனி மெக்கானிக் இல்லையே. புத்தகத்துல இருக்கற பேரைச் சொன்னாத்தான் அவருக்கு ஆளைத் தெரியும்."

"படம் சரியா கீதா சார்?"

"படம் பிரமாதம். ஆனா இடது வலது மொத்தமும் மாத்திப் போட்டுட்டீங்க. அதனால அதுக்கும் மார்க் போட முடியல."

குணசுந்தரியின் நிலைமையும் சொல்லும்படி இல்லை. இதயப் பாடத்தை அப்படியே அச்சடித்து வைத்திருந்தாள். அதற்கடுத்த கேள்வி, வால்வு சரியாக மூடாவிட்டால் என்ன ஆகும் என்று. அதற்கும் அதே பாடத்தை முதலிலிருந்து இன்னொரு தரம் எழுதிவைத்திருந்தாள். இரண்டு பேரும் பெயில். வீட்டுக்கு நடக்கும்போது இருவருக்கும் சண்டை போடக்கூடத் தெம்பில்லை. செண்பகத்துக்கு அழுகை வந்துவிட்டது. அத்தனை நாள் விளங்கினதெல்லாம் பொய்யா என்று அவளுக்கு ஆற்றாமையாக இருந்தது.

மறுநாள் காலை பென்னி தூங்கிய பிறகு, பரணிலிருந்து அந்தப் பழைய புத்தகத்தை எடுத்துத் தூசி தட்டினாள். எப்படியும் தூக்கம் வரும் என்றுதான் திறந்தாள். தூக்கம் வரவில்லை. டிவியில் பழகின ஆட்கள் எல்லாரும் அதில் இருந்தார்கள், பெயர் மட்டும் வேறு. அவள் இன்லெட் என்றதற்குப் புத்தகம் பெருஞ்சிரை என்றது. அவளுடைய நான் ரிட்டர்ன் வால்வுக்கு மூவிதழ் வால்வு என்று பெயர் வைத்திருந்தது. மூன்று இதழ் இருப்பதால் மூவிதழ். இவ்வளவுதானா விஷயம்! நாள்கணக்காக எதிர்வீட்டில் பார்த்துச் சிரித்த மனுஷியின் பெயரை இன்றைக்குத்தான் கேட்டுக்கொண்டது மாதிரி இருந்தது அவளுக்கு.

ஆனால் ஒரு இடத்தில் முட்டிக்கொண்டது. வலது ஆரிக்கிள் என்று போட்டு, அம்புக்குறியைப் படத்தின் இடது பக்கம் காட்டியிருந்தார்கள். அச்சுப் பிழை என்றுதான் முதலில் நினைத்தாள். குணசுந்தரியின் கைடை வாங்கிப் பார்த்தாள், அதிலும் அப்படித்தான். "எல்லாரும் சேந்து ஒரே மாதிரியா தப்பு பண்ணுவானுங்க?" என்று கோபம் வந்தது. நல்லவேளையாக இரண்டொரு நாளில் டிவியில் அதே பாடத்தை மறுபடியும் போட்டார்கள். அதிலும் வலது பக்கம் இடது பக்கமாகத்தான் இருந்தது. டீச்சர் படத்தைக் காட்டி என்னவோ சொன்னார். இந்தக் குழப்பத்துக்குத்தான் பதில் சொல்கிறார் என்று அவருடைய கையசைப்பைப் பார்த்தே செண்பகத்துக்குத் தெரிந்துவிட்டது. ஒரே ஒரு கோடு சத்தம் கூட்டினால் போதும். ரிமோட்டில் கட்டைவிரலை வைத்தாள்.

பென்னி புரண்டான். இரவு முழுக்க உருக்காலைச் சூட்டில் நின்றுவிட்டு வந்த உடம்பு. அவள் விரலை எடுத்துவிட்டாள். எடுத்தவள், எரிச்சலோடு அவனையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.

டிவி சுவரில் இருந்தது. அதற்குக் கீழே அந்தச் சுவர்ப் பக்கம் தலை வைத்து, பென்னி மல்லாந்து கிடந்தான். செண்பகம் அவன் கால்மாட்டில் இருந்தாள். மேலே படம், கீழே புருஷன். அவனுடைய வலது கையில் ஒரு பழைய தீக்காயம் உண்டு, கொதிக்கிற உலோகம் தெறித்தது. அந்தக் கை இப்போது எந்தப் பக்கம் இருக்கிறது? அவளுடைய இடது கைப் பக்கம்.

அவள் படத்தைப் பார்த்தாள், பென்னியைப் பார்த்தாள், மறுபடி படத்தைப் பார்த்தாள். படத்தில் இருப்பதும் ஒரு மனுஷன்தான், நம்மைப் பார்த்தபடி இருக்கிறான்! அவனுடைய வலது நமக்கு இடது! செண்பகத்துக்கு வந்த சிரிப்பு அந்த வீட்டுச் சட்டதிட்டம் எதற்கும் அடங்கவில்லை. வாய்விட்டுச் சிரித்துவிட்டாள்.

பென்னி திடுக்கென்று எழுந்து உட்கார்ந்தான். "இன்னாமே? இன்னா ஆச்சி?"

"ஒண்ணுமில்ல ஸ்நேகா நைனா. உங்க வலது கை எந்தப் பக்கம் கீதுன்னு பாத்தேன்."

பென்னி தன் கையை ஒருமுறை பார்த்துக்கொண்டான். "கீது இல்ல? சரி," என்று சொல்லிவிட்டுத் திரும்பப் படுத்துக்கொண்டான்.

அதற்கப்புறம் படிப்பு வேறு மாதிரி போனது. டிவி ஓடும்போது மடியில் புத்தகம் இருக்கும். டீச்சர் வரைய வரைய, செண்பகம் புத்தகத்தின் வரிகளை உதட்டுக்குள் வாசிப்பாள். டிவி அவளுக்காக ஒருநாளும் நிற்காது, அதன் வேகம் அதற்கு. புத்தகம் பாவம், அடுப்பில் குழம்பைக் கிளறிவிட்டு வரும்வரை விட்ட வரியிலேயே காத்திருக்கும். ஆனால் புத்தகத்துக்கு அசையத் தெரியாது, ரத்தம் ஓடுகிறது என்று சொல்லுமே தவிர ஓட்டிக் காட்டாது. செண்பகத்துக்கு இரண்டுமே வேண்டியிருந்தது. எது உசத்தி என்று மேடை போட்டுப் பேசுகிறவர்களுக்கு அது புரியுமா என்று எனக்குச் சந்தேகம்தான். வெங்காயம் உரித்துக்கொண்டே படித்துப் பார்த்தால் புரியலாம்.

பஸ்ஸிலும் கட்சிச் சண்டை ஒழிந்தது. செண்பகம் ஜன்னல் கண்ணாடித் தூசியில் விரலால் வரைந்து காட்டுவாள், குணசுந்தரி அதற்கு வாக்கியம் சொல்வாள்.

"வால்வு ஒழுங்கா மூடலன்னா இன்னா ஆவும்? சொல்லு குணா. ஒப்பிக்காத, யோசி."

"ஏறின ரத்தம் பின்னாலயே வந்துடும்... இதயம் ரெண்டு மடங்கு வேல செய்யணும். யக்கா! இது கைடுல இல்லியே, எனக்கு எப்டித் தெரிஞ்சிது?"

"நம்ம மெஷினும் அதானே பண்ணுது!"

பரீட்சை பொன்னேரியில். தெருவில் பாதிப் பேருக்கு நம்பிக்கை இல்லை. இந்த வயசில் என்ன பேஜாரு என்று நேராகவே கேட்டார்கள். பென்னி மட்டும் அன்று தூங்காமல், ஷிப்ட் முடிந்த கையோடு அவளை வண்டியில் கொண்டுபோய் விட்டான். கேள்வித்தாளைத் திருப்பியதும் கண்ணில் பட்டது இதயம்தான். படம் வரைந்தாள். எதிரே பென்னி மல்லாந்து கிடப்பதாக நினைத்துக்கொண்டு இடது வலது போட்டாள். விளக்கம் எழுதும்போது கை பழக்கத்தில் "நான் ரிட்" என்று ஆரம்பித்துவிட்டது. அடித்துவிட்டு, "மூவிதழ் வால்வு" என்று பெரிதாக எழுதினாள். இடது வெண்ட்ரிக்கிளின் சுவர் ஏன் தடித்திருக்கிறது என்று அடுத்த கேள்வி. கால் கட்டைவிரல்வரைக்கும் ரத்தத்தைத் தள்ள வேண்டியது அதுதானே. அதையே புத்தகத்தின் பாஷையில் எழுதிவிட்டு வந்தாள்.

ரிசல்ட் வந்த காலை, பென்னி அப்போதுதான் படுத்திருந்தான். ஹெல்மெட் கதவில் தொங்கியது. செண்பகம் வாசற்படியில் உட்கார்ந்து போனில் நம்பரைப் போட்டாள். வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. பிறகு நின்றது. அறிவியல், எழுபத்தெட்டு. தேர்ச்சி.

அவள் வாயை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டாள். கத்த வேண்டும்போல் இருந்தது, தெருவையே கூப்பிட வேண்டும்போல் இருந்தது. தலைக்கு மேல் ஹெல்மெட் தொங்கியது. போன் அதிர்ந்தது. குணசுந்தரி வயல் வரப்பில் நின்று கத்திக்கொண்டிருந்தாள்.

"யக்கா, நான் பாஸ்! அறுவத்திரெண்டு! நீ?"

"நானும்," என்றாள் செண்பகம் காற்றுக்குரலில்.

"இன்னாக்கா இவ்ளோ மெதுவா சொல்ற? பெயிலா?"

"பாஸ்ஸுதான்டி. அவரு தூங்கறாரு."

அதற்கு மேல் அடக்க முடியவில்லை. முட்டியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு சத்தமில்லாமல் அழுதாள். கதவு திறந்தது. பென்னி தூங்கவே இல்லை, பாயில் கண்ணை மூடிக் காத்துக்கொண்டிருந்திருக்கிறான். குலுங்குகிற முதுகைப் பார்த்ததும் அவன் முகம் வாடிவிட்டது.

"போனா போவுது மே. அடுத்த தபா எழுதிக்கலாம். இதுக்குப் போயி அழுவாங்களா?"

அவள் நிமிர்ந்து போனைக் காட்டினாள்.

பென்னி அதைப் படித்தான். கதவுக் கம்பியிலிருந்து ஹெல்மெட்டைக் கழற்றினான், அதைக் கொண்டுபோய் அவள் தலையில் கவிழ்த்தான். உள்ளே போய் ரிமோட்டை எடுத்து, சத்தத்தைக் கோடு கோடாகக் கடைசிவரை ஏற்றினான்.

"எல்லாரும் எழுந்துருங்கப்பா! என் பொண்டாட்டி பாஸாயிட்டா!" என்று தெருவைப் பார்த்துக் கத்தினான். மூலையில் வாயைக் கட்டிக்கொண்டு வந்த மீன்கார அம்மா, என்ன விஷயம் என்று தெரியாமலேயே முழு வீச்சில் கூவ ஆரம்பித்தார். கதவுகள் திறந்தன. பேஜாரு என்று கேட்டவர்களும் சிரித்துக்கொண்டே வந்தார்கள்.

செண்பகம் தலையில் ஹெல்மெட்டோடு டிவி முன்னால் போய் நின்றாள். அதே டீச்சர் வேறு ஏதோ பாடம் நடத்திக்கொண்டிருந்தார். கீச்சென்று மெல்லிசான குரல். செண்பகம் திகைத்துப்போனாள். இத்தனை நாளும் மனசுக்குள் அவள் கேட்ட டீச்சருக்குக் கட்டையான, கொஞ்சம் கரகரப்பான குரல் அல்லவா? அது யாருடைய குரல் என்று அவளுக்கு மெதுவாகத்தான் உறைத்தது. பாடம் நடத்திய அந்தக் குரல் அவளுடையதேதான்.

அடுத்த மாதம் இன்ஸ்பெக்‌ஷனுக்கு மறுபடியும் ஆள் கேட்டார்கள். சூப்பர்வைசர் எல்லாரையும் உட்காரவைத்து, "டென்த் பாஸ் பண்ணவங்க..." என்று ஆரம்பித்தார். அவர் முடிப்பதற்குள் செண்பகம் எழுந்து நின்றாள். பக்கத்தில் குணசுந்தரியும் நின்றாள். அவர் இருவர் பெயரையும் எழுதி முடித்து, போதும் உட்காருங்க என்று சொன்ன பிறகும் செண்பகம் கொஞ்ச நேரம் நின்றுகொண்டுதான் இருந்தாள்.